விஞ்ஞானமும் நகைச்சுவையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வதில் நகைச்சுவைக்கும் கற்பனைக்கும் உள்ள இடத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவன், அறிஞன் அல்லன். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. இதிலே படுதோல்வி கண்டவன் என்பதே அத்தகுதி. அத்தோல்வியைச் சொல்லியே தொடங்குகிறேன்.

சென்ற மாரிகாலத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் டெங்குக் காய்ச்சலைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தேன். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேற்பட்டோரைப் பீடித்து, 400 பேருக்கு மேல் உயிர் குடித்த நோய் அது. ஆகவே நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதன்று. ஆனால் பேசிய விதம் எப்படி? ஆங்கிலத்தில் படித்தவற்றை அகராதியின் துணையோடு தமிழாக்கி, நோய்க்காவி என்றும், குடம்பி என்றும், தொற்றுவட்டம் என்றும் முக்கால் மணி நேரம் அடுக்கிக்கொண்டே போனேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்காகத் தலையசைத்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் தூக்கத்தினால் தலையசைத்தார்கள்.

முடிவிலே ஓர் ஆச்சி எழுந்து நின்றார். “மோனை, நீ நல்லாய்த்தான் பேசினாய். ஆனால் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நுளம்பு வராமல் இருக்க நான் என்ன செய்யவேணும்?” என்று கேட்டார்.

அன்பர்களே, அந்த முக்கால் மணி நேரத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். நானோ, “ஆச்சி, இது விளங்க வேணுமெண்டால் முதலிலை பள்ளிக்கூடத்திலை சேருங்கோ” என்றேன். சபை கொல்லென்று சிரித்தது. ஆச்சியும் ஒருவாறு சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நகைச்சுவையோடு பேசிவிட்டேன் என்ற பெருமையோடு நான் வீடு போனேன்.

இரண்டு கிழமை சென்றபின் அந்த ஆச்சியின் பேரனை டெங்குக் காய்ச்சல் என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்து மாமரத்தின் கீழ், கோழிகளுக்காக வைத்த சட்டியிலே தெளிந்த மழைத் தண்ணீர் நின்றது. அதற்குள்ளே சிறு சிறு புழுக்கள் நெளிந்தன. நான் பார்ப்பதைக் கண்ட ஆச்சி, “அது நல்ல தண்ணி மோனை. நான் ஊத்தைத் தண்ணி வைக்கமாட்டன்” என்றார்.

டெங்கு நுளம்பு பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடும் என்ற ஒரு சிறு செய்தியை முக்கால் மணி நேரத்தில் நான் சொல்லவில்லை. கேட்டவரையும் வாயடைத்து உட்கார வைத்தேன். அந்தச் சட்டியில் பிறந்த நுளம்புதான் பிள்ளையைக் கடித்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படியன்று என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. பிள்ளை சுகமாகித் திரும்பிவிட்டான். என் மனமோ இன்னும் முற்றாகச் சுகமடையவில்லை.

அதன்பின்தான், விஞ்ஞானத்தை மக்களுக்குச் சொல்லி வெற்றி கண்டவர்கள் எவ்வாறு சொன்னார்கள் என்று தேடிப் படிக்கலானேன். அப்படிப் படித்தவற்றுள் ஒரு வரலாறு என் உள்ளத்தைத் தொட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரிலே, இறோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் நிலையத்தில் ஹம்பிறி டேவி என்னும் பேரறிஞர் இரசாயனவியல் பற்றிச் சொற்பொழிவாற்றி வந்தார். கேட்கச் சென்றவர்களுள் ஜேன் மார்செற் என்ற பெண்மணியும் ஒருவர். டேவியின் பேச்சு இனிமையாக இருந்தும், பரிசோதனைகள் விரைவாக நடந்தபடியால் அவருக்குப் பொருள் சரிவர விளங்கவில்லை. பிறகு நண்பர் ஒருவரோடு உரையாடியபோதுதான் விளங்கியது. எனவே தம்மைப்போல விளங்காமல் இருப்பவர்களுக்காக, ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வது போல ஒரு நூல் எழுதினார். அச்சிறுமிகளுள் ஒருத்தி துடுக்கானவள். இரசாயனவியல் சுவையற்றது என்று எண்ணுகிறவள். அவளுடைய குறுக்குக் கேள்விகளே நூலுக்கு உயிர். 1806ஆம் ஆண்டளவில் வெளிவந்த அந்நூலின் முதற்பதிப்பில் ஆசிரியரின் பெயர் கூட இல்லை.

அந்நூலின் பிரதியொன்று புத்தகம் கட்டும் கடையொன்றிலே ஒரு தொழிற்பயிலுநனின் கைக்கு வந்தது. அவன் ஒரு கொல்லனின் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைந்தவன். கட்டவேண்டிய புத்தகங்களைப் படித்துப் பார்ப்பது அவன் வழக்கம். இந்நூலைப் படித்தான், படித்ததைத் தானே செய்து பார்த்தான், உண்மையென்று கண்டான். 1812இல் டேவியின் சொற்பொழிவுகளை நேரிற் கேட்டுக் குறிப்பெழுதி, அதனைத் தானே அழகாகக் கட்டி டேவிக்கே அனுப்பினான். 1813இல் அவருடைய உதவியாளனானான். அவன்தான் மைக்கேல் பரடே! 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவரே. இம்மண்டபத்து மின்விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பிறப்பாக்கிகள் அத்தத்துவத்தாலேயே இயங்குகின்றன.

“எனக்கு விளங்கவில்லை” என்று ஒரு பெண்மணி வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டதால் ஒரு நூல் பிறந்தது. அந்நூலால் ஒரு பரடே கிடைத்தான். எங்கள் ஊர் ஆச்சியும் அதே சொல்லைத்தான் சொன்னார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

பரடே தாம் ஏறிய ஏணியை மறக்கவில்லை. கிறிஸ்மஸ் விடுமுறையிலே சிறுவர்களுக்காக நடைபெறும் சொற்பொழிவுகள் அந்நிலையத்தில் 1825இல் தொடங்கின. பரடே பத்தொன்பது ஆண்டுகளில் அவற்றை நிகழ்த்தினார். அவற்றுள் 1860ஆம் ஆண்டு முடிவிலே தொடங்கிய ஆறு சொற்பொழிவுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றின் பொருள் என்ன? சூரியமண்டலமா? சமுத்திரமா? ஒரு மெழுகுதிரி!

நான் பயின்றது கிறிஸ்தவ மிஷன் பாடசாலை. ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் ஆராதனையில் எத்தனையோ மெழுகுதிரிகளைக் கண்டவன். ஆனால் திரியின் அடியிலே உருகிய மெழுகு வழிந்தோடாமல் ஒரு சிறு கிண்ணம் போலத் தேங்கி நிற்பது ஏன் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. சுவாலையின் வெப்பத்தால் காற்று மேலெழ, கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று மெழுகின் வெளிவிளிம்பைக் குளிர வைக்கிறது. அதனால் விளிம்பு உருகாமல் கிண்ணமாக நிற்கிறது. மெழுகுதிரி தனக்கு வேண்டிய பாத்திரத்தைத் தானே செய்துகொள்கிறது!

பரடே மெழுகுதிரியை ஊதி அணைப்பார். எழும் புகையிலே, திரியைத் தொடாமல், சற்றுத் தூரத்தில் நெருப்பைக் காட்டுவார். நெருப்பு புகைவழியே கீழிறங்கி ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். செப்பிடுவித்தை போலத் தோன்றும் இதனால், எரிவது திரியன்று, மெழுகின் ஆவியே என்பதைச் சிறுவர் கண்டார்கள். சாராயத்தில் முந்திரிகை வற்றலை இட்டுக் கொளுத்தி, எரியும்போதே கையால் எடுத்து உண்பது அக்காலத்து ஆங்கிலச் சிறுவர்களின் கிறிஸ்மஸ் விளையாட்டு. அந்த விளையாட்டையே மேடைக்குக் கொண்டுவந்து, வற்றல்கள் திரிகளாக நிற்கின்றன பாருங்கள் என்றார். சுவாலையின் மேல் பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த பாத்திரத்தைப் பிடித்து, நெருப்பிலிருந்து தண்ணீர் துளிக்கச் செய்தார். கடைசியில், நாம் விடும் மூச்சிலும் மெழுகுதிரியின் புகையிலும் அதே காபனீரொட்சைட்டு வாயு இருப்பதைக் காட்டி, நமக்குள்ளும் ஒரு மெழுகுதிரி எரிகிறது என்னும் உண்மையிலே கொண்டுபோய் நிறுத்தினார்.

இதோ, இம்மேடையில் நீங்கள் ஏற்றிவைத்த குத்துவிளக்கு எரிகிறது. எண்ணெய் கீழே, சுவாலை மேலே. பள்ளத்தை நோக்கிப் பாய வேண்டிய எண்ணெய் நூல்திரியிலே மேல்நோக்கி ஏறுகிறதே, அது எப்படி? மெழுகுதிரியில் மெழுகு ஏறும் அதே நுண்துளைக் கவர்ச்சிதான். நாளாந்தம் நாம் கும்பிடும் விளக்கிலே ஒரு பௌதிகப் பாடம் எரிந்துகொண்டிருக்கிறது. கற்பனை என்று நான் சொல்வது இதைத்தான். இல்லாததைப் புனைவது அன்று. கண்முன் உள்ளதிலே பொருளைக் காண்பது.

இனி நகைச்சுவைக்கு வருவோம். சிரிப்பு ஒரு கத்தி. அதை யாரை நோக்கிப் பிடிக்கிறோம் என்பதே கேள்வி. கலிலியோ தமது புகழ்பெற்ற உரையாடல் நூலை 1632இல், இலத்தீனில் அன்றி, மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலே வெளியிட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்று மூவர் வாதாடுகின்றனர். பழைய கொள்கையின் பக்கம் பேசுபவனுக்குச் சிம்பிளிச்சியோ என்று பெயர். பேதை என்னும் பொருளும் அதில் தொனிக்கும். பாப்பரசர் விரும்பிய வாதத்தையும் அவன் வாயிலேயே வைத்தார் கலிலியோ. பாப்பரசரின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். 1633இல் விசாரணை, பின்பு 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவல். கலிலியோ கூறிய உண்மை நின்றது. அவரைத் தண்டித்தது நீதியன்று. ஆயினும், ஏளனம் செய்யப்பட்டவன் காதைப் பொத்திக்கொள்வான் என்பதும் உண்மையே.

பரடேயின் வழி வேறு. 1853இல் இங்கிலாந்தில், பலர் கூடி மேசைமேல் கைவைத்திருந்தால் மேசை தானே நகரும் என்றும், ஆவிகள் நகர்த்துகின்றன என்றும் ஒரு மோகம் பரவியது. பரடே கைக்கும் மேசைக்கும் இடையே வழுக்கக்கூடிய அட்டைகளை வைத்து, மேசையின் முன்னே கைகள்தாம் நகர்கின்றன என்று காட்டினார். கை நகர்வதைக் காட்டும் ஒரு முள்ளையும் அமைத்தார். இருந்தவர்கள் அம்முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, மேசை அசையாமல் நின்றுவிட்டது! அவர்களைப் பொய்யர் என்று அவர் சொல்லவில்லை. தம்மையறியாமலே தள்ளினார்கள் என்றார். பிழை சிரிப்புக்கிடமாயிற்று; மனிதனின் மானம் காக்கப்பட்டது.

இவ்வளவும் படித்தபின் மீண்டும் ஆச்சியின் முற்றத்துக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அயலவர் பத்துப் பதினைந்து பேர் மாமரத்தின் கீழ்க் கூடினார்கள். அகராதியை வீட்டிலே விட்டுவிட்டு, ஒரு போத்தலிலே அந்தப் புழுக்களை மட்டும் கொண்டுபோனேன். “கால்களில் வெள்ளை வரி போட்ட ஓர் அம்மணி பிள்ளைப்பேற்றுக்கு வீடு தேடி வருகிறார். வாய்க்காலைக் காட்டினால் மூக்கைச் சுழிக்கிறார். மழைத் தண்ணீர் நிற்கும் சிரட்டையையும், பூச்சாடித் தட்டையும், பழைய ரயரையும் கண்டால் முகம் மலர்கிறது” என்று தொடங்கினேன்.

ஆச்சி இடைமறித்து, “அப்ப இவ எங்களைவிடப் பெரிய ஆசாரக்காரி!” என்றார்.

முற்றம் முழுவதும் சிரித்தது. இந்த முறை ஆச்சியோடு சேர்ந்து சிரித்தது. நான் ஆயத்தம் செய்து கொண்டுபோன பகிடிகள் எல்லாம் அந்த ஒரு சொல்லின்முன் மங்கிவிட்டன. அடுத்த நாளே ஊரெல்லாம் ‘ஆசாரக்காரி’ என்ற பெயர் பரவிவிட்டது.

உடனே ஒருவர், “அப்படியென்றால் ஊத்தைத் தண்ணியால் பயமில்லையோ?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அங்கே நகைச்சுவையை நிறுத்தி, யானைக்கால் நோயைப் பரப்பும் வேறொரு நுளம்பு அழுக்கு நீரிலே பெருகும் என்று சொன்னேன். சிரிப்பதற்காக உண்மையை வளைக்கலாகாது. ஆசாரக்காரி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுவாள். அம்முட்டைகள் காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகவே கிழமைக்கு ஒருமுறையேனும் கழுவ வேண்டும். “ஏன்” என்பது விளங்கியபின் “எப்போது” என்பதை யாரும் மறக்கவில்லை. கூட்டம் கலையுமுன்பே ஆச்சி கோழிச் சட்டியைத் தும்பாலே தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

தமிழிலே இவற்றையெல்லாம் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்னும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். கடல் கடந்து வந்தவர் நம் மொழியைக் கற்று நமக்குச் சொன்னார். நம் ஊரிலே பிறந்து, நம் மொழியிலே தாலாட்டுக் கேட்டு வளர்ந்த நாம், நம் ஆச்சிமாருக்குச் சொல்ல முடியாது என்பது எவ்வளவு வெட்கம்!

பல்கலைக்கழகத்திலே பயிலும் நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் போகும்போது, கற்றவற்றுள் ஒன்றையேனும் ஒரு வீட்டு முற்றத்திலே சொல்லிப் பாருங்கள். “விளங்கேல்லை” என்று எவரேனும் சொன்னால், அவருக்கு நன்றி கூறி, வேறு விதமாக மீண்டும் தொடங்குங்கள். அந்த முற்றத்து மூலையிலே ஒரு பரடே உட்கார்ந்திருக்கவும் கூடும்.