வேகத்தில் மட்டும் ஏறும் சூடு

(மதுரை மாவட்டம் பரவையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்நிலை வகுப்பில் தானியங்கி ஊர்திப் பாடம் நடத்துபவன் நான். பாடத்தை ஊரோடு இணைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பரவையில் நின்றுகொண்டு அப்படிப் பேச வேண்டுமானால் வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்குள்ள காய்கறி மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் லாரிகளும் சிறு சரக்கு வண்டிகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நம் மாணவர்களில் பலருடைய வீட்டில் ஓட்டுநரோ, சுமை தூக்குபவரோ, வண்டி வைத்திருப்பவரோ இருக்கிறார். அந்த வண்டி நின்றால் அந்த வீட்டின் வருமானம் நிற்கும்.

ஒரு கோடையில் என் மாணவர் ஒருவரின் மாமா தம் பிக்கப் வண்டியைப் பற்றி என்னிடம் பேச வந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து பரவைக்குக் காய்கறி ஏற்றி வருபவர். "சார், டவுனுக்குள்ள நாள் முழுக்க ஓட்டினாலும் ஒண்ணுமில்ல. ஃபோர்வேல ஏறிக் கால் மணி நேரம் அமுக்கினா முள்ளு மேல போயிருது" என்றார். அதற்குள் மூன்று இடங்களில் வண்டியைக் காட்டியிருந்தார். ஓரிடத்தில் ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள். அடுத்த இடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். மூன்றாவது இடத்தில் வாட்டர் பம்ப்பையே மாற்றினார்கள். சூடு குறையவில்லை. ஒட்டன்சத்திரம் நடையை விட்டுவிட்டு உள்ளூர் நடை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கவனியுங்கள். நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய பாதி செய்தி அதிலேயே இருக்கிறது.

எது என்பதற்கு முன் எப்போது

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதமுள்ள பங்கில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டர் வழியாகக் காற்றிடம் கொடுக்கிறது. ஆகவே சூடு ஏறினால் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: காற்று போதவில்லையா, நீரோட்டம் போதவில்லையா, இன்ஜின் வழக்கத்தைவிட அதிக வெப்பத்தை உண்டாக்குகிறதா?

சிக்னலில் நிற்கும் வண்டிக்குக் காற்றைத் தருவது ஃபேன் மட்டுமே. நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் முதலில் ஃபேனைச் சந்தேகிக்கலாம். நான்குவழிச் சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் பாய்ந்துவிடும். அங்கே ஃபேனுக்கு அநேகமாக வேலையே இல்லை. வேகத்தில் மட்டும் சூடாகும் வண்டிக்கு ஃபேன் மோட்டாரை மாற்றியது வீண் செலவு என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

வேகத்தில் என்ன மாறுகிறது? வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. இன்ஜின் அதிகம் உழைக்கிறது, அதிக வெப்பம் வெளியேற வேண்டியிருக்கிறது. நீரோட்டத்தில் பாதி அடைப்பு இருந்தாலும் ஊருக்குள் சமாளித்துவிடும். நெடுஞ்சாலையில்தான் குட்டு வெளிப்படும்.

இப்போது பட்டியல் சுருங்குகிறது. ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிவு. வெளியே இதழ்களுக்கு இடையில் மண், பூச்சி, வெங்காயச் சருகு. பம்ப் பெல்ட் வழுக்குதல். பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது பம்ப் இழுக்கும் இழுப்பில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடி. ஹெட் கேஸ்கட் கசிவு. விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அளவுக்கு மீறிய பாரம். இவற்றில் செலவில்லாமல் கண்ணால் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்க்க வேண்டும், கழற்ற வேண்டியவற்றைக் கடைசியில்.

அந்த வண்டியில் பெல்ட் இறுக்கமாக இருந்தது. இதழ்களில் அடைப்பில்லை. இன்ஜினை முடுக்கிப் பார்த்தபோது கீழ் ஹோஸ் உள்வாங்கவில்லை. நீர்த்தொட்டியில் குமிழி வரவில்லை. நான்கு சக்கரத்திலும் பிரேக் சூடு இயல்பாக இருந்தது.

எட்டாம் வகுப்புச் சூத்திரம்

பிறகு அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். சமயநல்லூரைத் தாண்டி, முள் ஏறியதும் சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்தினோம். இன்ஜினை அணைக்காமல், தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டருக்குள் நீர் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அளந்தேன். மேலே 98 டிகிரி, கீழே 58 டிகிரி செல்சியஸ். கொரோனா காலத்தில் பள்ளிகளில் நெற்றியைப் பார்த்த வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் வெப்பநிலைக்குரிய குறுகிய அளவுக்குள் மட்டுமே காட்டும். தொழிற்கூடங்களுக்கானது தனி.

மறுநாள் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களிடம் காரணம் கேட்டேன். "சார், கீழே நல்லா ஆறித்தானே வருது, அப்புறம் ஏன் சூடாகுது?" என்றான் ஒருவன். மிகச் சரியான கேள்வி. எட்டாம் வகுப்பில் படித்த சூத்திரத்தை எழுதச் சொன்னேன்: வெப்பம் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம். நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4,200 ஜூல்.

விநாடிக்கு 21,000 ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு அரை லிட்டர் நீர் ஓடினால் 10 டிகிரி வித்தியாசம் போதும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் பொதுவாக அதை ஒட்டித்தான் இருக்கும். 40 டிகிரி வித்தியாசம் வேண்டுமானால் ஓடும் நீர் அதில் கால் பங்குதான். நீர் மெதுவாக ஓடுகிறது, அதனால்தான் கீழே வருவதற்குள் அவ்வளவு ஆறிவிடுகிறது. மேலும் கீழும் இரண்டும் கொதித்திருந்தால் காற்றுப் பக்கம் கோளாறு என்று கொள்ளலாம். இங்கே கோளாறு நீரின் பக்கம். பம்ப் புதியது, தெர்மோஸ்டாட்டே இல்லை, ஹோஸ் சரி. மிஞ்சியது ரேடியேட்டரின் உட்புறம்.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் ஒரு குடும்பத்தின் வண்டிக்கு விடை சொன்னதைப் பார்த்தபோது அந்த வகுப்பு இருந்த அமைதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூடி வரை போக வேண்டும்

ரேடியேட்டரைப் பிரித்துப் பார்த்தால், குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதும் இதுதான். செம்பின் வெப்பம் கடத்தும் திறன் ஏறத்தாழ 400 என்றால், அதே அலகில் இந்தப் படிவுக்கு 2, 3 அளவில்தான் இருக்கும். ஓட்டத்தையும் தடுக்கிறது, வெப்பத்தையும் தடுக்கிறது.

இதோடு நின்றிருந்தால் சில மாதங்களில் வண்டி திரும்பி வந்திருக்கும். படிவு ஏன் வந்தது? போர்த் தண்ணீர் ஊற்றியதால். ஏன் ஊற்றினார்? கூலன்ட் குறைந்துகொண்டே இருந்ததால். ஏன் குறைந்தது? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகி, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.

மூடியின் தலையில் 0.9, 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது தாங்க வேண்டிய அழுத்தத்தின் அளவு. பிரஷர் குக்கரின் தத்துவம்தான். காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால் நீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். கொடைக்கானலில் அழுத்தம் குறைவு என்பதால் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடி தளர்ந்தால் நீர் சீக்கிரம் கொதித்து வெளியேறுகிறது. முதல் நீண்ட தூரக் கார்ப் பயணம் என்று சொல்லப்படும் 1888ஆம் ஆண்டுப் பயணத்தில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. அந்தக் காரில் நீர் ஆவியாகித்தான் இன்ஜின் குளிர்ந்தது.

இந்தச் சிறு மூடிக்கு மதுரையோடும் ஓர் உறவு உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. நம் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்த வண்டியில் இருந்தது செம்பு ரேடியேட்டர் என்பதால் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடிந்தது. புது மூடி போட்டோம். எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது வைத்தோம். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், எரிபொருளும் தேய்மானமும் கூடும். கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றினோம். அவர் மீண்டும் ஒட்டன்சத்திரம் போய் வருகிறார்.

ஓர் எச்சரிக்கையை உங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். முள் ஏறினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் உள்ளிருக்கும் நீர் சட்டென்று கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட்டு, மூடி கையால் தொடும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே திறக்கலாம்.

நம் வகுப்பறையில்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இதில் எங்களுக்கு என்ன என்று நினைக்கலாம். ஒரு குழந்தை 48இலிருந்து 17ஐக் கழித்து 31 என்று சரியாக எழுதுகிறது. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்கிறது. 'கணக்கு வராது' என்று முடிவு கட்டி வாய்ப்பாட்டை மறுபடி ஒப்பிக்க வைத்தால், ஃபேன் மோட்டாரை மாற்றிய கதைதான். பிழை எப்போது வருகிறது? கடன் வாங்க வேண்டிய இடத்தில் மட்டும் வருகிறது. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறது குழந்தை. கோளாறு இடமதிப்பில் இருக்கிறது. பத்துகளையும் ஒன்றுகளையும் குச்சிக்கட்டுகளாகக் கையில் கொடுத்தால் சரியாகும்.

இன்னொரு குழந்தை புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பிழையில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதினால் மட்டும் பிழை. அதற்குத் தேவை கண் பரிசோதனை. நூறு முறை எழுதச் சொல்லும் தண்டனையால் அது தீராது.

'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்க்கிறோம். நிலை தெரிந்த பிறகும் அந்தக் குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை நாம்தான் பார்த்தாக வேண்டும். குறைதீர் கற்பித்தலைத் தொடங்குமுன், பிழை எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். வராத இடமும் விடை சொல்லும். டவுனுக்குள் சூடாகாததுதான் அந்த வண்டியைப் பற்றி எங்களுக்கு அதிகம் சொன்னது.

உயர்நிலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தெர்மோஸ்டாட் ஒன்றை மெக்கானிக் கடையில் கேட்டு வாங்குங்கள். நீருள்ள பாத்திரத்தில் வெப்பமானியோடு தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல வண்டிகளில் 82 டிகிரியை ஒட்டி, உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிவடைந்து வால்வு மெல்லத் திறக்கும். ஒரு பாடவேளை போதும். அன்று மாலை மாணவன் வீட்டுக்குப் போய், வண்டி ஓட்டும் தன் அப்பாவோடு பேச அவனுக்கு ஒரு செய்தி இருக்கும்.