சூயஸில் தேடிய முனிச்



ராஜாங்க காரியங்களை நடத்துகிறவர்களுக்குச் சரித்திர ஞானம் வேண்டும் என்று நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். ஆனால் சரித்திரத்தில் தாமே ஒரு பாத்திரமாக வாழ்ந்தவரும் அதனாலேயே வழி தவறியதுண்டு என்பதற்கு, 1956-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருந்த ஸர் ஆன்டனி ஈடனைக் காட்டிலும் பொருத்தமான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

அவ்வாண்டு ஜூலை 26-ஆம் தேதி எகிப்தின் அதிபர் நாஸர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியைத் தேசியமயமாக்கியபோது, ஈடனின் மனக்கண்முன் வந்து நின்றவர்கள் ஹிட்லரும் முஸோலினியுமே. முஸோலினியிடம் அப்போதைய பிரதம மந்திரி சேம்பர்லின் காட்டிய தாட்சண்யத்தைச் சகியாமல் 1938 பிப்ரவரியில் வெளிநாட்டு மந்திரி பதவியைத் துறந்தவர் அவர். அந்தச் செப்டம்பரில் முனிச் நகரில் செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதி ஹிட்லருக்குத் தாரை வார்க்கப்பட்டதும், மறு ஆண்டே யுத்தம் மூண்டதும், அவருடைய தீர்க்கதரிசனத்துக்குச் சாட்சிகளாகிவிட்டன. ஒருமுறை சரியாகச் சொன்னவருக்கு அந்த ஒரு சொல்லே ஆயுள் முழுவதற்கும் போதும் என்று தோன்றிவிடுகிறது, ஈடனும் மனிதர்தாமே!

ஒற்றுமையைக் கண்டவர் வேற்றுமையைக் கணக்கிட்டாரில்லை. ஹிட்லர் பறித்தது அயலார் மண். நாஸரோ தம் நாட்டு மண்ணில் ஓடும் கால்வாயை நடத்திய கம்பெனியை, பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். அக்கம்பெனியின் உரிமைக் காலமும் எப்படியும் 1968-இல் முடிவடைய இருந்ததுதான். எகிப்தியரால் கால்வாயை நடத்த முடியாது என்று ஆரூடம் சொன்னார்கள்; செப்டம்பரில் அந்நிய வழிகாட்டி மாலுமிகளில் பெரும்பாலோர் விலகிய பின்பும் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆயினும் முனிச்சையே நினைத்திருந்தவருக்குச் சமரசம் என்பது கோழைத்தனமாகவே பட்டது. பிரான்ஸோடும் இஸ்ரேலோடும் ரகசியமாகக் கூடிப் படையெடுத்தார். அமெரிக்கா கைவிட்டது, பவுன் நாணயம் ஆட்டம் கண்டது, நவம்பர் 6-ஆம் தேதி போரை நிறுத்த வேண்டியதாயிற்று. 1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகினார்.

ஈடனைப் போலவே அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் முனிச்சை அறியாதவர் அல்லர். கல்லூரி மாணவராக இருந்தபோதே அதைப்பற்றி ஆராய்ந்து எழுதியவர். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்து, உடனே தாக்காவிட்டால் முனிச்சுக்கு ஒப்பாகும் என்று விமானப்படைத் தளபதி லிமே அவர் முகத்துக்கெதிரே சொன்னபோது, அவர் மனத்தில் இருந்தது வேறொரு சரித்திரம்: எவரும் விரும்பாமலே 1914-இல் ஐரோப்பா யுத்தத்தில் வழுக்கி விழுந்த கதையைப் பார்பரா டக்மன் எழுதிய நூலில் அவர் படித்திருந்தார். ஆகவே கடல்வழியை மறித்து அவகாசம் தேடினார்; துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக ரகசியமாக வாக்களித்து, சோவியத் தலைவர் குருஷேவ் மானம் கெடாமல் பின்வாங்க வழிவிட்டார்; அக்டோபர் 28-ஆம் தேதி, ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முடிவை மாஸ்கோ வானொலி அறிவித்தது.