பார்த்தவர்தான் சாட்சி சொல்ல முடியும்
(நர்சிங் மாணவியருக்கான கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ், நம் மஹல்லாவில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். 3 வருட டிப்ளமோவோ 4 வருட பி.எஸ்சி.யோ முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிடுகிறார்கள். அடுத்துதான் தடங்கல். வேலை விண்ணப்பத்தில், "உங்கள் வேலையை அறிந்த இருவரின் பெயர், தொலைபேசி எண்" என்று கேட்கிறார்கள். "இன்னும் வேலைக்கே போகவில்லையே, யார் பெயரை எழுதுவது?" என்று பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். சில வருடங்களுக்கு முன் இப்படி வந்த ஒரு மகளுக்கு, "திறமையான நர்ஸ், கடின உழைப்பாளி" என்று அறக்கட்டளை லெட்டர்பேடில் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தோம். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "மருந்து கொடுக்குமுன் சரிபார்ப்பாரா? இரவு ஷிப்டில் எப்படி? தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்வாரா?" எங்களிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. அவளை வார்டில் நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லையே! அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. உதவுவதாக நினைத்து, காணாததற்குச் சாட்சி சொல்லியிருந்தோம். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று மதரஸாவில் ஓதியவர்கள்தாம் நாங்களும்.

பிறகு அவளை உட்கார வைத்து விசாரித்தோம். பயிற்சிக் காலத்தில் மெடிக்கல், சர்ஜிக்கல், குழந்தைகள், பிரசவ வார்டுகளில் நின்றிருக்கிறாள். கையைப் பிடித்து ஊசி போடக் கற்றுக்கொடுத்த கிளினிக்கல் ஆசிரியை இருந்தார். இரவு டூட்டியில் அவளைக் கவனித்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். கேட்டதும் இருவரும் சம்மதித்தார்கள். அடுத்த விண்ணப்பத்தில் அவர்கள் பெயரைக் கொடுத்தாள், வேலை கிடைத்தது.

ஆகவே மகள்களே, படிப்பு முடிந்து கலைந்து போகுமுன்னே கேட்டுவிடுங்கள். "என் பெயரைக் கொடுத்துக்கொள்" என்று அவர் வாயால் சொல்லாமல் யார் பெயரையும் எழுதாதீர்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாமல் வேறொருவரை நாடுங்கள். எந்த வார்டில், எந்த மாதம், என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; நூறு மாணவிகளைப் பார்த்தவருக்கு நினைவு வர வேண்டுமே. ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேலை கிடைத்ததும் நன்றி சொல்ல மறக்காதீர்கள். செய்முறைப் பதிவேட்டின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு 2 வருட அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் ஏஜெண்டுகளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். சவூதி, துபாய், கத்தர் போன்ற இடங்களில் டேட்டாஃப்ளோ மூலம், சான்றிதழ் கொடுத்த மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பொய் வெளிப்பட்டால், உண்மையாகப் படித்து வாங்கிய பட்டமும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். சிறிய மருத்துவமனையில் 6 மாதம் உண்மையாக வேலை பார்த்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த பிரிவு எழுதிய கடிதம் வாங்குவது அதைவிட எவ்வளவோ மேல்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மாமா, சாச்சா பெயரைச் சாட்சியாக எழுதச் சொல்லாதீர்கள். நிக்காஹ் நிச்சயமானதும் மறுநாளே பிள்ளையின் வேலையை நிறுத்திவிடுகிறோம். நோட்டீஸ் கொடுக்காமல், பொறுப்பை ஒப்படைக்காமல் நின்றவளைப் பற்றி அந்த மருத்துவமனை எப்படி நல்ல வார்த்தை சொல்லும்? நாளை கணவரோடு வெளியூர் போய் அவள் மறுபடி வேலை தேடும்போது, அந்த ஒரு மாதப் பொறுமைதான் கை கொடுக்கும்.

எங்களிடமும் வாருங்கள். உங்கள் குடும்பத்தை எத்தனை வருடமாக அறிவோம், உதவித்தொகையை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று தாராளமாக எழுதித் தருவோம். வார்டில் நீங்கள் எப்படி என்பதை மட்டும் வார்டில் பார்த்தவர் சொல்லட்டும்.

உங்கள் கைகளால் நோயாளிகளுக்கு அல்லாஹ் நிவாரணம் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.