எழுத்தும் கைப்பொருளும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாமல் ஏரிக்கரையில் மாலைப் பொழுதில் கூடிக் கவி பாடத் தொடங்கிய நம் வட்டம் பத்தாண்டைக் கடந்துவிட்டது. கவிதையைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்து வந்தீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன், பொறுத்தருள்க.

என் முதல் கவிதை நூலை 500 படிகள் அச்சிட்டோம். முழுச் செலவும் என்னுடையது. என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பதிப்பாளர் தம் முத்திரையை மட்டும் தந்தார். விற்றுத் தருவதாகச் சொன்ன வாய்ச்சொல்லுக்குத் தாள் சான்று இல்லை. நெடுநாள் அந்தக் கட்டுகள் என் கட்டிலுக்கடியில் கிடந்தன. இராமபாணப் பூச்சிகளே என் முதல் வாசகர்கள்!

இது புதிய துன்பமன்று. 1920இல் கடையத்தில் இருந்த பாரதியார் தம் கையெழுத்துப் படிகளை 40 நூல்களாக்கி, நூலுக்குப் பத்தாயிரம் வீதம் நான்கு இலட்சம் படிகள் அச்சிடத் திட்டமிட்டார். முதற்செலவுக்கு 20,000 ரூபாய் கடனாகக் கேட்டு அன்பர்க்கு மடல் எழுதினார். பணம் திரளவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவரைக் கனவு காண்பவர் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கோ, கணக்குப் போடத் துணிந்த கவிஞராகவே அவர் தெரிகிறார். 1907இல் அவருடைய பாடல்கள் சிலவற்றை வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். புகழ் பரவியது, கவிஞரின் அடுப்புக்கு அது விறகாகவில்லை.

உ.வே. சாமிநாதையர் வேறு வழி கண்டார். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன், வாங்குவோரிடம் முன்னரே கையொப்பம் திரட்டினார். அச்சுக்கு முன்னே வாசகரைத் தேடிய அவ்வழி இன்றும் பழுதுபடவில்லை. நம் காஞ்சியிலிருந்து 1942இல் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கிய அண்ணாவுக்கும், 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பாவுக்கும் வாசகரை நேரில் அறிவதே முதலாயிற்று. செல்லப்பா நூற்கட்டுகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். அவர் 1962இல் வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பாடநூலாயிற்று. புதுக்கவிதைக்குக் கடைத்தெருவில் கிட்டாத வாசகர் வகுப்பறையில் கிட்டினர்.

வருவாயை மிகைப்படுத்தி உங்களை ஏமாற்ற மாட்டேன். நூறு ரூபாய் நூல், நூற்றுக்குப் பத்து உரிமைத்தொகை, 300 படிகள் விற்றால் 3,000 ரூபாய். கவிதையால் உலை கொதிக்காது. ஆயினும் கவிதை எழுதும் கை உரைநடையும் எழுதும். இவ்வட்டாரத்து ஏரிகள், தறிகள், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிக் கட்டுரை கேட்கும் இதழ்கள் உண்டு, சன்மானமும் தருவார்கள். கல்லூரி நாளில் எனக்கு வந்த முதல் மணியார்டர் ஐம்பது ரூபாய். கட்டுரைக்குத்தான், கவிதைக்கன்று!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையொப்பமிட்ட எழுத்துச் சான்று இல்லாமல் உரிமை கைமாறாது. காலவரை குறிக்காத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும். ‘எல்லா உரிமையும் என்றென்றைக்கும்’ என அச்சிட்ட தாளில், படிக்காமல் கையெழுத்திடும் கவிஞரை நான் அறிவேன். அவர் இந்த மேடையில்தான் நிற்கிறார்.

இனி நம் வீட்டுச் செய்தி. நம் வட்டத்தின் தொகுப்பு நூல்களில் இடம்பெற, கவிதைக்கு இவ்வளவு என்று கவிஞர்களிடமே பணம் பெறுகிறோம். அன்பின்பாற்பட்ட ஏற்பாடுதான், எனினும் நெசவுக் கூலியில் வாழும் நம் தம்பியர் சிலர் நல்ல கவிதை இருந்தும் ஒதுங்கி நிற்கிறார்கள். பணம் தந்தவர் கவிதையைத் திருப்பியனுப்ப நமக்கும் நா எழுவதில்லை. அடுத்த தொகுப்புக்குக் கவிஞரிடம் காசு கேளாதிருப்போம், உ.வே.சா. வழியில் வாசகரிடம் கையொப்பம் திரட்டுவோம். தேறும் கவிதைக்கு ஒரு சிறு தொகையேனும் தருவோம். செயற்குழு இதனை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வாயிலருகே மேசைமீது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இரண்டு படிகளுக்கு என் பெயரை எழுதிவிட்டேன். போகும்போது பாருங்கள்.