எட்டில் எட்டு

ஒரு சாண் நீள எஞ்சின், புகைவண்டிக் காலத்து எஞ்சினைப் போலவே மூச்சிரைக்கிறது, ஊதுகிறது, மணியடிக்கிறது. நிஜ எஞ்சினில் 87-இல் ஒரு பங்கு அளவில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் மாடல் ரயில் இது. மோட்டார், விளக்கு, சத்தம் மூன்றையும் ஆள்வது உள்ளே இருக்கும் சவுண்ட் டிகோடர். அது முரண்டு பிடித்தால் மாடல் ரயில்காரர்கள் 'ரீசெட் பண்ணிப் பார்' என்பார்கள். அருமையான ஏற்பாடுதான், ஆனால் கடைசியில் எடுக்க வேண்டியதைப் பலரும் முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களில் டி.சி.சி. என்ற பொதுத் தரத்தை வகுத்தது. ஒவ்வொரு டிகோடருக்குள்ளும் எண்ணிட்ட அறைகள் உண்டு. அவற்றை சி.வி. என்பார்கள். 1-இல் எஞ்சினின் முகவரி, 3-இல் வேகம் பிடிக்கும் தன்மை, 4-இல் வேகம் தணியும் தன்மை. 8-ஆம் அறையில் தயாரிப்பாளரின் எண் இருக்கும். சவுண்ட்டிராக்ஸுக்கு 141, இ.எஸ்.யு.வுக்கு 151. இந்த எண்ணைப் படிக்கலாம், மாற்ற முடியாது. அப்படிப்பட்ட அறையில் 8 என்று எழுதினால், பல டிகோடர்கள் அதையே ரீசெட் உத்தரவாக எடுத்துக்கொள்கின்றன. தனியாக ஒரு பொத்தான் தேவையில்லை, எஞ்சினின் மூடியைக் கழற்றவும் வேண்டாம். இந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

எல்லா டிகோடரும் இதற்கு மசியாது. பழைய கியூ.எஸ்.ஐ. டிகோடரில் 49-இல் 128, 50-இல் 255, 56-இல் 113 என்று மூன்று முறை எழுத வேண்டும். அந்த 113 அவர்களுடைய தயாரிப்பாளர் எண்ணேதான்! வேலை முடிந்ததும் டிகோடர் தானே ஆங்கிலத்தில் 'ரீசெட்' என்று சொல்லும்.

ரீசெட் செய்தால் எல்லா எண்களும் தயாரிப்பாளர் வைத்த நிலைக்குப் போகும், முகவரி 3-க்குத் திரும்பிவிடும். பதிவு செய்த ஒலிகள் அழியாது. அழிவது உங்கள் உழைப்பு. இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'சுக்' என்னும். அந்த நான்கும் சக்கரத்தோடு ஒத்துப்போக, எஞ்சினை ஊர்ந்து போகவிட்டு, இணைப்புத் தண்டிலேயே கண்ணை வைத்து, எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, ஒரு மாலைப்பொழுதையே செலவிட்டிருப்பார் ஒருவர். எட்டில் எட்டு எழுதிய மறுகணம் அது போயே போச்சு.

இத்தனைக்கும் பாதி நேரம் ரீசெட்டே தேவைப்படாது. சத்தம் வரவில்லையா? பல அமெரிக்க எஞ்சின்களில் எஃப் 8 பொத்தான் சத்தத்தை அடக்கும். கை தவறிப் பட்டிருக்கும். எஞ்சின் அசையவே இல்லையா? முன்பு இன்னொரு எஞ்சினோடு ஜோடி சேர்த்த எண் சி.வி. 19-இல் தங்கியிருக்கும், அங்கே 0 எழுதினால் நகர்ந்துவிடும். ஷார்ட் ஆனதும் தலைதெறிக்க ஓடுகிறதா? பழைய டி.சி. மின்சாரத்திலும் ஓடலாம் என்ற அனுமதிதான் அநேகமாகக் காரணம். சி.வி. 29-இல் 6 இருந்தால் 2 ஆக்குங்கள், ஓட்டம் நிற்கும். ரீசெட் செய்தால் அந்த 6 மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வைத்தியமே வியாதியைக் கொண்டுவருவது என்றால் இதுதான்.

இத்தனை பார்த்தும் சரியாகவில்லையா? அப்போது தாராளமாக ரீசெட் செய்யலாம். அதற்கு முன் எல்லா எண்களையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கணினி இருந்தால் ஜே.எம்.ஆர்.ஐ. குழுவின் 'டிகோடர்புரோ' என்ற இலவச மென்பொருள் அந்த எண்களைப் படித்துச் சேமித்துக்கொடுக்கும். எண்களைப் படிக்கவும் எழுதவும் உள்ள புரோகிராமிங் தண்டவாளத்தில் ஒரே ஒரு எஞ்சின் மட்டும் நிற்கட்டும். அங்கே மின்சாரம் வேண்டுமென்றே மட்டாகத்தான் வரும். சவுண்ட் டிகோடருக்கு அது பற்றாமல் பதில் வராமல் போகலாம். உடனே டிகோடர் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அதற்கென்றே பூஸ்டர் விற்கிறார்கள்.

புரோகிராமிங் தண்டவாளம் தனியாகப் பிரிக்கப்படாத சில அமைப்புகளில் ரீசெட் உத்தரவு எல்லா எஞ்சினுக்கும் போய்ச் சேரும். பிறகு கன்ட்ரோலரில் 3-ஐத் தேர்ந்தெடுத்துக் குமிழைத் திருப்பினால், யார்டில் நின்ற அத்தனை எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பும்.