அரியர் விழுந்த பிள்ளை நம்மிடம் வரும்போது



நம் பள்ளியை விட்டுப் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். நான் மேனாம்பேட்டில் கணிதம் நடத்துகிறேன். எங்கள் பெற்றோரில் பலர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவர்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை நாம் கைதட்டி அனுப்புகிறோம். முதல் செமஸ்டர் முடிவு வரும் நாளில் அவர்கள் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சராசரி 4க்கு 2க்குக் கீழே இறங்கினால் 'அகடமிக் ப்ரொபேஷன்' என்று எழுத்திலேயே எச்சரிப்பார்கள், ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். இங்கே செல்போனில் முடிவு வரும், அவ்வளவுதான். விதிமுறை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் படித்துச் சொல்ல ஆளில்லை. நாமாவது தெரிந்து வைத்திருக்கலாம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை எடுத்துக்கொள்வோம். தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்கள் மாறலாம். தியரி பாடத்துக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும். தேர்வில் மட்டும் 45 சதவீதம், அதாவது 60க்கு 27 வேண்டும். அகமதிப்பீட்டில் 30 வாங்கியவனுக்கு இந்த 27 போதும். 18 வாங்கியவனுக்கு 32 தேவை. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினாலே பாதி பயம் போய்விடுகிறது.

அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டு வரை அவகாசம் உண்டு. டிஸ்டிங்ஷன் கிடைக்காது, ஆனால் முதல் வகுப்புக்கு வழி இருக்கிறது. ஆண்டையே பறிப்பது மதிப்பெண் அல்ல, வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும். மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டினால் 65 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும்.

எங்களிடம் படித்த ஒரு பையனுக்கு முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், பைத்தான் மூன்றும் போய்விட்டன. தமிழ் வழியில் படித்தவன். வெட்கத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புவான், அம்பத்தூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்புவான். அவன் அம்மா ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்து, "புள்ள சரியா சாப்பிடறதே இல்ல டீச்சர்" என்றார். அரியர் அவருக்குத் தெரியாது.

அவனைக் கூப்பிட்டேன். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, எத்தனை நாள் போகல?" என்றுதான் கேட்டேன். 19 நாள். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்தால் 68 நாள் போயாக வேண்டும், 22 நாள்தான் விடலாம். மீதி மூன்று நாள். மறுநாளே கல்லூரிக்குப் போனான். ஒவ்வொரு மாணவனுக்கும் அங்கே ஃபேகல்டி அட்வைசர் என்று ஒருவர் உண்டு. திட்டுகிற ஆள் என்றே பிள்ளைகள் அவரை நினைக்கிறார்கள். அவரிடம் போய் நிற்கச் சொன்னேன்.

மூன்றையும் ஒரே தடவையில் முடிக்கிறேன் என்று துள்ளினான். வேண்டாம் என்றேன். நடப்புப் பாடங்களில் புதிதாக அரியர் விழாமல் பார்ப்பது முதல் வேலை. பழையவற்றில் எதில் குறைவான மதிப்பெண்ணில் போனதோ அதை முதலில் பிடிக்க வேண்டும். இயற்பியலை அந்த ஆண்டே முடித்தான். கணிதத்துக்காக ஞாயிறுகளில் என்னிடம் வந்தான். அணிகள் அவனுக்கு வந்தது, கால்குலஸ்தான் முரண்டு பிடித்தது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தோம். மூன்றாவது முயற்சியில் தேறினான். பைத்தான் இன்னும் பாக்கி.

விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடிவு வந்தபின் சில நாள்தான் தருவார்கள். தெரியாமலே அந்தத் தேதியைக் கடந்துவிடும் பிள்ளைகள் நிறைய.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அண்ணன் கல்லூரியில் இருப்பான். அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரே படித்த ஆள் பள்ளி வாசலில் பார்க்கும் நீங்கள்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் செமஸ்டர் முடிவு வரும் வாரம் ஆளுக்கு ஒரு போன். எடுக்காதவர்களுக்கு மறுநாளும் போடுகிறேன். பெரும்பாலும் எடுக்காதவர்களுக்குத்தான் அரியர் இருக்கிறது.