ஓர் எழுத்து மாறினால்...



வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருவது என்றே வெகுநாள் சொல்லி வந்தார்கள். 1982-இல் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

கிருமிதானே, மாத்திரை கொடுத்தால் போச்சு என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கிளாரித்ரோமைசின் மருந்து கிருமியின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அந்த இடத்துக்குரிய மரபணுவில் 2143-ஆம் எழுத்து 'ஏ' என்பது 'ஜி' ஆனால் போதும், மருந்து சரியாக ஒட்டாது!

இந்த மாற்றம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஐரோப்பாவின் வடக்கே குறைவு, தெற்கே அதிகம். சளி, இருமலுக்கு இவ்வகை மருந்தை எங்கே அதிகம் விழுங்கினார்களோ, அங்கே தப்பிய கிருமி பெருகியது. நம் நாட்டிலோ, வயிற்றுப்போக்குக்குத் தாராளமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோலுக்கே எதிர்ப்பு மிகுதி.

எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில், சோதிக்காமல் கிளாரித்ரோமைசின் தராதீர்கள் என்கிறது ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதல். 2017-இல் உலக சுகாதார நிறுவனமும் இக்கிருமியை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது.

மாணவர்களே, வெளியூர் மருந்துச்சீட்டைக் காப்பியடிக்க முடியாது. நம்ம ஊர்க் கிருமியை நம்ம ஊர் லேபில்தான் படிக்கணும். அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.